நானும் வீட்டில் பிரசவம் பார்த்தவள்தான்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தியூர் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். தமிழ்நாட்டுக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அப்போது வீட்டில்தான் பிறந்தது. மலையடிவாரத்துக் குடியிருப்புகளிலும் தோட்டத்துச் சாளைகளிலும் ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்க முடியாது. நள்ளிரவில் யாராவது சைக்கிளில் வந்து கதவைத் தட்டுவார்கள். பையை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போவேன். பையில் சோப்பு, பிரிக்காத பிளேடு, கொதிக்கவைத்த நூல், ரத்தப் போக்கை நிறுத்தும் ஊசி. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் குழந்தையை ஏந்தி, நஞ்சு முழுசாக விழுந்ததா என்று தட்டில் விரித்துப் பார்த்து, விடிந்த பிறகு கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுத் திரும்புவேன்.

ஊருக்கு ஊர் மருத்துவச்சிகள் இருந்தார்கள். அவர்களுக்கு ஐந்து சுத்தம் சொல்லிக் கொடுப்பது எங்கள் வேலை: கை, இடம், பிளேடு, நூல், தொப்புள். அறுத்த தொப்புளில் சாணி, சாம்பல் எதுவும் வைக்கக் கூடாது. நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததைவிட அவர்களிடம் கற்றுக்கொண்டது அதிகம். எங்கள் பகுதியில் ஒரு வயதான அம்மா இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தெரியும். "மொகம் வீங்குன புள்ளைக்கு நான் உக்கார மாட்டேன் நர்சம்மா. வண்டி கட்டச் சொல்லுங்க" என்பார். கண்ணும் நாக்கும் வெளுத்த பெண்ணுக்கும் அவர் உட்கார மாட்டார். முந்தைய பிரசவத்தில் ரத்தம் கொட்டியவளுக்கும் மாட்டார். ரத்தக் கொதிப்பு, ரத்தசோகை என்ற பெயர்களெல்லாம் அவருக்குத் தெரியாது. அந்த உடம்புகளை வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாது என்பது மட்டும் தெரியும்.

வீட்டுப் பிரசவத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார். இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. மீதியில் வழியில்லாமல் வீட்டில் நடப்பவை உண்டு. விரும்பித் தேர்ந்தெடுத்து நடப்பவையும் உண்டு. இரண்டாவது வகையில் வருகிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். கைப்பேசியில் வீடியோ பார்க்கிறார்கள், இயற்கை வாழ்வு வகுப்புகளுக்குப் போகிறார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் இளம் தாய் ஒருவர் இறந்துபோனது பலருக்கும் நினைவிருக்கும். அந்தச் செய்திக்குப் பிறகு எங்கள் துறை விழித்துக்கொண்டது. பதிவு செய்யாத கர்ப்பிணிகளைத் தேடிப் போகச் சொன்னார்கள். தேடிப் போன ஒரு வீட்டைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது கர்ப்பம், எட்டாவது மாதம். முதல் குழந்தை சிசேரியன். அதற்கு இரண்டு வயது. கணவர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். கர்ப்பத்தைப் பதிவு செய்து வாங்கும் பிக்மி எண் வாங்கவில்லை, ஸ்கேன் எடுக்கவில்லை, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ரகசியமாகச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கதவைத் திறந்த கணவர், "எங்களுக்கு எதுவும் வேண்டாம் சிஸ்டர், நாங்க வீட்டுலயே பாத்துக்கறோம்" என்றார். அவர் தாயார் உள்ளே இருந்து, "வெயில்ல வந்திருக்காங்க, மோராவது குடுடா" என்றார். அந்த மோருக்கு நான் இன்றைக்கும் நன்றி உள்ளவள். திண்ணையில் உட்கார்ந்தேன்.

இப்படிப்பட்ட வீட்டில் முதல் நாள் வரப்போகும் பிரசவத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் அனுபவம். கூடவே போலீஸை அழைத்துப் போகக் கூடாது. மிரட்டினால் அந்தக் குடும்பம் ஒரு வாரத்தில் வேறு ஊருக்குப் போய்விடும். பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. முதல் நாள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் பெண்ணிடம் முதல் பிரசவம் எப்படி நடந்தது என்று கேட்டுவிட்டு, நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல மாமியார் அடுப்பை விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "வலியில கத்துனேன்னு தொடையில அடிச்சாங்க நர்சம்மா. 'அப்பத் தெரியலையா'ன்னு கேட்டாங்க. அந்த வார்த்தைய என்னால மறக்க முடியல." வார்டுக்குள் யாரையும் விடவில்லை. ஒரு பகலும் ஒரு இரவும் தனியாகக் கிடந்திருக்கிறாள். எதற்காக ஆபரேஷன் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. காகிதத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். குழந்தையை மறுநாள்தான் கண்ணில் காட்டினார்கள். தையல் சீழ் பிடித்து மறுபடி ஒரு வாரம் படுத்திருந்தாள்.

அது எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. இதே வார்த்தைகளை வேறு வேறு பெண்கள் வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். வீட்டுப் பிரசவம் என்று கிளம்புகிறவர்களை அறிவில்லாதவர்கள் என்று ஏசுவது எளிது. அந்தப் பெண் மூடநம்பிக்கையால் வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. மறுபடி அந்த அறைக்குள் தனியாகப் போகக் கூடாது என்றுதான் தேர்ந்தெடுத்தாள். அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ளாமல் ஆயிரம் அறிவுரை சொன்னாலும் காதில் ஏறாது.

"ரத்த அழுத்தம் மட்டும் பாத்துக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டேன். கையை நீட்டினாள். 150-க்கு 100. பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன், அதே அளவு. கர்ப்பிணிக்கு 140-க்கு 90 தொட்டாலே கவனிக்க வேண்டும். கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. மாமியார், "பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கத்தானே செய்யும்" என்றார். உண்மைதான், பல பேருக்கு வீங்கும். வீக்கத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. அதனால்தான் சிறுநீர்ச் சோதனை.

இப்போது அதற்குக் காகிதப் பட்டை வந்துவிட்டது. நனைத்து நிறம் பார்த்தால் போதும். அன்று நான் பட்டையை எடுக்கவில்லை. மறுநாள் பழைய கண்ணாடிக் குழாயையும் ஸ்பிரிட் விளக்கையும் கொண்டுபோனேன். கணவரும் மாமியாரும் பார்த்துக்கொண்டிருக்க, குழாயின் மேல்பகுதியைச் சூடு காட்டினேன். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் திரள்வது போலத் தெளிந்த நீரில் வெள்ளை கட்டியது. சில சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டேன். உப்பாக இருந்தால் கரைந்துவிடும், கரையவில்லை. "இது புரதம். உடம்புல இருக்க வேண்டியது வெளிய போகுது. சிறுநீரகம் கஷ்டப்படுதுன்னு அர்த்தம்" என்றேன். கணவர் குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது வரைக்கும் அவருக்கு ரத்த அழுத்தம் என்பது மிஷின் காட்டும் ஒரு எண். அன்றைக்குத்தான் நோயைக் கண்ணால் பார்த்தார்.

அதன் பிறகுதான் பேச்சு தொடங்கியது. அவர் நிறையப் படித்திருந்தார். "வெளிநாட்டுல எல்லாம் வீட்டுலதான் பெத்துக்கறாங்க சிஸ்டர்" என்றார். நடக்கிறதுதான், நான் மறுக்கவில்லை. இங்கிலாந்தில் இதைப் பெரிய அளவில் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே சுகமாகப் பெற்ற, எந்தச் சிக்கலும் இல்லாத தாய்மாருக்கு வீட்டிலும் குழந்தைக்கு ஆபத்து கூடவில்லை. ஆனால் அந்தக் கணக்கு முழுக்கவே ஆபத்து இல்லாத கர்ப்பிணிகளைப் பற்றியது. அவர்களிலும் வீட்டில் தொடங்கிய முதல் பிரசவக்காரர்களில் நூற்றுக்கு 45 பேரை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்த முதல் பிரசவக்காரர்களின் குழந்தைகளுக்கு ஆபத்தும் கூடுதலாக இருந்தது. நெதர்லாந்தில் வீட்டில் பார்ப்பதற்கென்றே படித்த மருத்துவச்சிகள் இருக்கிறார்கள். யாரை வீட்டில் பார்க்கக் கூடாது என்று அவர்களிடம் ஒரு பட்டியலும் இருக்கிறது. முன்பு சிசேரியன் ஆனவளும் ரத்தக் கொதிப்பு உள்ளவளும் அதில் வருவார்கள். எங்கள் ஊர் மருத்துவச்சி அம்மா மனதில் வைத்திருந்ததும் அப்படியொரு பட்டியல்தான். இயற்கை வாழ்வு வகுப்பில் இந்தக் கணவருக்கு வீட்டுப் பிரசவத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் அந்தப் பட்டியலைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சிசேரியன் தழும்பைப் பற்றிக் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். ஒரு முறை சிசேரியன் ஆன பெண் வலி எடுத்துப் பெறும்போது தழும்பு பிரிவது சுமார் இருநூற்றில் ஒருத்திக்கு. மற்றவர்களுக்குப் பிரிவதில்லை. இந்த எண்ணை மறைத்துவிட்டு "வீட்டுல பெத்தா செத்துப்போவே" என்று சொல்லும் செவிலியர்களையும் மருத்துவர்களையும் பார்த்திருக்கிறேன். அது கூடவே கூடாது. வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் அந்த எண்ணைப் பார்க்கிற மனிதர், நாம் சொன்ன மற்ற உண்மைகளையும் பொய்யென்று தள்ளிவிடுவார். இருநூற்றில் ஒன்று என்பதைச் சொன்ன கையோடு, அந்த ஒருத்திக்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். தழும்பு முழுசாகப் பிரிந்தால், ஏறக்குறைய கால் மணி நேரத்தில் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தாக வேண்டும். "தம்பி, ராத்திரி ரெண்டு மணி. ஆம்புலன்ஸ் வந்து, இவளைத் தூக்கி ஏத்தி, தாலுகா ஆஸ்பத்திரி போய், மயக்க மருந்து டாக்டர் வந்து, கத்தி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்னு நீங்களே கணக்குப் போடுங்க." போட்டார். ஒன்றரை மணி நேரம் வந்தது. பேசாமல் எழுந்து வெளியே போய் நின்றார்.

அவளுக்கு உண்மையில் பெரிய ஆபத்து தழும்பு அல்ல, கொதிப்புதான். அது முற்றினால் ஜன்னி கண்டு கைகால் இழுக்கும், மூளையில் ரத்தம் கசியும், குழந்தை பிறப்பதற்கு முன்பே நஞ்சு பிய்ந்துகொள்ளும். பிரசவத்தோடு முடிந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. பெற்ற பிறகு மூன்றாம் நாளும் ஜன்னி வரலாம். இழுப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது. வீட்டில் இல்லை.

கர்ப்ப கால ஆபத்துகள் பலவும் வெளியே தெரிவதில்லை. இதய வால்வு சுருங்கிய பெண் ஒருத்தி எங்கள் வட்டாரத்தில் இருந்தாள். சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்தது மட்டும் அவள் அம்மாவுக்கு நினைவிருந்தது. "நல்லாத்தானே வேலை செய்யறா, என்ன இருக்கு அவளுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். கர்ப்பத்தில் உடம்பில் ரத்தம் கிட்டத்தட்ட பாதி அளவு கூடிவிடும். அதைச் சுருங்கிய வால்வு எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கும். குழந்தை பிறந்து கர்ப்பப்பை சுருங்கியதும் அதிலிருந்த ரத்தமெல்லாம் ஒரே நேரத்தில் இதயத்துக்குத் திரும்பும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பிள்ளை பிறந்தாச்சு என்று வீடே சந்தோஷப்படும் அந்த நேரம்தான் அவளுக்கு ஆபத்தான நேரம். அவளை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு முன்கூட்டியே அனுப்பியதால் தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். சர்க்கரை உள்ள கர்ப்பிணியும் அப்படித்தான். குழந்தை பெருத்துத் தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளும். பிறந்த குழந்தைக்குச் சில மணி நேரத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கும். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை, சென்னை டாக்டர் வி. சேஷய்யா போன்றவர்களின் முயற்சியால் நம் சுகாதார நிலையங்களில் எல்லா கர்ப்பிணிகளுக்கும் வந்தது. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

ரத்தப் போக்கைப் பற்றி எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும். பிரசவ நேரத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்ததும் அது சுருங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஹீமோகுளோபின் 11 இருக்கும் பெண் தாங்கும் இழப்பை 7 இருக்கும் பெண் தாங்க மாட்டாள். பக்கத்துப் பகுதியில் வீட்டில் பெற்று இறந்த ஒரு தாயின் மரணத் தணிக்கைக்கு நானும் போனேன். தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணத்துக்கும் வீட்டுக்கே போய்க் கேட்டு எழுத வேண்டும். படிவத்தில் எல்லாவற்றுக்கும் மணி கேட்பார்கள். வலி எத்தனை மணிக்கு எடுத்தது, குழந்தை எத்தனை மணிக்குப் பிறந்தது, ரத்தம் அதிகமென்று எப்போது தெரிந்தது, வண்டிக்கு எப்போது சொன்னீர்கள். அந்தக் கணவர் ஒவ்வொரு மணியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ரத்தம் அதிகமென்று தெரிந்ததற்கும் வண்டிக்குச் சொன்னதற்கும் நடுவில் இருந்த நேரத்தைச் சொல்ல வந்தபோது அவரால் பேச முடியவில்லை. நானும் எழுதுவதை நிறுத்தினேன். அந்தப் பெண்ணின் தாயார் பிறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோர் கொடுத்த வீட்டுக்குத் திரும்புகிறேன். நான் தாலுகா மருத்துவமனை மகப்பேறு மருத்துவரிடம் போய் அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "அவங்களைக் கூட்டிட்டு வாங்க, பிரசவ வார்டை முன்னாடியே காட்டறேன்" என்றார். வந்தார்கள். மாமியார் கூடவே இருக்கலாம். எதைச் செய்தாலும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். குழந்தை நன்றாக இருந்தால் உடனே அம்மாவிடம் கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் அவர் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தார். பெண் துணை ஒருவர் பிரசவ அறையில் இருக்கலாம் என்று தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு நெடுநாளாகவே உத்தரவு உண்டு. அந்த உத்தரவு அந்தக் குடும்பத்துக்கு முதல் தடவை தெரிந்திருந்தால் அவள் வீட்டுப் பிரசவத்தைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டாள் என்று நினைக்கிறேன்.

கொதிப்புக்கு மாத்திரை தொடங்கியது. நாள் விட்டு நாள் போய் அழுத்தம் பார்த்தேன். 37-வது வாரத்தில் ஒரு நாள் இரவு தலைவலி, கண் மங்கல். கணவரே 108-ஐ அழைத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 170-க்கு 110. மெக்னீசியம் போட்டு அனுப்பினார்கள். மறுபடியும் சிசேரியன்தான். அவள் ஆசைப்பட்டது சுகப்பிரசவம், அது நடக்கவில்லை. அந்த வருத்தம் அவளுக்கு உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். ஏன் ஆபரேஷன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை மார்பில் இருந்தது. அழுத்தம் இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அது வரைக்கும் டிஸ்சார்ஜ் கேட்டு அவர்கள் சண்டை போடவில்லை.

2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். இந்தியக் கணக்கோடு பார்த்தால் அது நல்ல எண். 24 மணி நேரமும் செவிலியர் இருக்கும் சுகாதார நிலையங்களும், 2008-இல் வந்த 108 வண்டியும், மலைப் பகுதிகளில் பிரசவத் தேதிக்கு முன்பே வந்து தங்க வைக்கும் காத்திருப்பு அறைகளும் சேர்ந்து கொண்டுவந்த எண் அது. இன்னும் இறங்க வேண்டுமென்றால் பிரசவ அறைக்குள் கேட்கும் குரல் மாற வேண்டும். என் சக செவிலியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: வலியில் கத்தும் பெண்ணை அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். நீங்கள் இன்று சொல்லும் ஒரு சொல் அடுத்த கர்ப்பத்தில் அவளை எங்களிடமிருந்து ஒளிய வைக்கும்.

குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் பெற நினைத்தால் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை, பழைய சிசேரியன், இதய நோய், இரட்டைக் குழந்தை, முந்தைய பிரசவத்தில் ரத்தப் போக்கு என்று கர்ப்பிணியின் அட்டையில் சிவப்பு மையில் ஏதாவது எழுதியிருந்தால், அதற்கு என்ன பொருள் என்று செவிலியரிடம் விளங்கும் வரை கேளுங்கள். அந்த உடம்போடு வீட்டில் பெறக் கூடாது. ஆஸ்பத்திரியில் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். துணைக்கு ஒருவர் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் தெருவில் பதிவு செய்யாமல் ஒரு கர்ப்பிணி இருந்தால், முதலில் உங்கள் ஊர் செவிலியரிடம் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் எங்களுக்கு நேரம் போதாது. ஆறாவது மாதத்திலேயே சொல்லிவிடுங்கள்.